உருவைக் குறைப்பது தீர்வாகுமா?

மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் காடுகளில் வாழும் பச்சை இகுவானா, ஓணானைப் போன்ற ஊர்வனவற்றுள் ஒன்று. முட்டையிலிருந்து வெளிவரும்போது ஏறத்தாழ 20 செ.மீ. நீளமே இருக்கும். அதன் அழகில் மயங்கிப் பலர் வாங்குகின்றனர். சில ஆண்டுகளில் அது 1.5 மீட்டர் வரை வளர்ந்துவிடுகிறது. அப்போது கூண்டும் போதாது. வளர்ப்பவரின் பொறுமையும் போதாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வளர்ப்போர் கைவிட்டவையும் கூண்டிலிருந்து தப்பியவையும் பெருகி, இன்று தோட்டங்களை அழிக்கின்றன. கால்வாய்க் கரைகளைக் குடைகின்றன.

“சிறியவற்றையே தேர்ந்து இணைசேர்த்துச் சிற்றுருவ இனத்தை உருவாக்கலாமே” என்பர் சிலர். சிற்றுருவம் இயற்கைக்கு முரணானது அன்று. உலகிலேயே மிக நீளமாக வளரும் மலைப்பாம்பு இனம், இந்தோனேசியாவின் சிறு தீவுகள் சிலவற்றில் குறுகிய உருவுடனே வாழ்கிறது.

ஆயினும், பெண் இகுவானா ஒருமுறைக்கு 20 முதல் 70 முட்டைகள் வரை இடும். குஞ்சுகள் வளர்ந்து முடிந்த பின்னரே எது சிறியது என்பது தெளிவாகும். சிறியவை சிலவற்றைத் தேர்ந்தபின், பெரியவை எங்கே செல்லும்? தலைமுறைதோறும் இவ்வாறு செய்தால் கைவிடப்படும் உயிர்கள் குறையா, பெருகும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்தால் குறைபாடுகளும் தொடரும். முகம் குறுகுமாறு வளர்க்கப்பட்ட பக் நாய்கள் மூச்சுவிடத் திணறுவதை நாம் காண்கிறோம் அல்லவா?

உருவம் சிறுத்தாலும் வெப்பமும் ஒளியும் தகுந்த இலையுணவும் அதற்கு வேண்டும். எனவே, உயிரை நம் அறைக்கேற்பச் சுருக்குவதைவிட, அதன் முழு வளர்ச்சியை முன்னரே அறிந்து, பேண இயலாதெனில் வாங்காது விடுவதே அறம்.