அரைக் கிலோ ஒயின், ஒரு சட்டி ஸ்டிஃபாதோ

கிரீஸ் நாட்டின் எளிய சாப்பாட்டுக் கடைகளுக்குத் 'தவேர்னா' என்று பெயர். அங்கே போய்ச் சிவப்பு ஒயின் கேட்டால், "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று சப்ளையர் திருப்பிக் கேட்பார். தக்காளி வாங்குவதுபோல ஒயினையும் கிலோ கணக்கில் சொல்வது அங்கே பழக்கம். அரைக் கிலோ என்றால் ஏறக்குறைய அரை லிட்டர். கூடவே ரொட்டியும் கடித்துக்கொள்ள ஏதாவது ஒரு தட்டும் வரும். வெறும் வயிற்றில் குடிப்பதை அவர்கள் ரசிப்பதில்லை.

பாட்டிலில் வரும் கிரேக்கச் சிவப்பு ஒயின்களில், புதியவர்களுக்குச் சட்டென்று பிடித்துப்போவது நெமேயா. பெலொப்பொனீஸ் பகுதியில் இருக்கும் ஊரின் பெயர்தான் ஒயினுக்கும். ஹெர்குலிஸ் சிங்கத்தைக் கொன்றதாகப் புராணம் சொல்லும் அதே நெமேயா! அதனால் 'ஹெர்குலிஸின் ரத்தம்' என்று இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பெயர்தான் பயங்கரம், ஆள் பரம சாது.

காரணம், திராட்சை. அயோர்யீத்திகோ என்ற ரகம். 'புனித ஜார்ஜின் திராட்சை' என்று பொருள். 1971-ல் நெமேயாவுக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. லேபிளில் அந்தப் பெயரைப் போட, 100 சதவிகிதம் இந்தத் திராட்சையாகவே இருக்க வேண்டும். நாக்கை இழுக்கும் துவர்ப்பு இல்லை, புளிப்பும் அளவோடு. செர்ரி, பிளம் பழ வாசனை. வடக்கே நவூஸாவில் விளையும் க்ஸினோமாவ்ரோவைக் குடித்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். அதன் பெயருக்கே 'புளிப்புக் கறுப்பு' என்றுதான் அர்த்தம்.

ஆனால், இந்தச் சாதுத்தனமே நெமேயாவுக்கு வினை. பள்ளத்தாக்கின் வளமான மண்ணில் கொத்துக் கொத்தாகக் காய்க்கவிட்டால் சாறு நீர்த்துப்போகும். மேலே மலைச்சரிவில், குளிர்ந்த இரவுகளில் மெதுவாகப் பழுப்பதில்தான் ருசி இறங்கும். அங்கே பாடு அதிகம், விளைச்சல் குறைவு. ஆனால் இரண்டு பாட்டிலிலும் 'நெமேயா' என்றுதான் இருக்கும். சரிவில் உழைப்பவருக்கு இது நியாயமில்லைதான். லேபிளில் கூட்ஸி, ஆஸ்ப்ரோகாம்போஸ் என்ற ஊர்ப்பெயர் தென்பட்டால் அது மேட்டுத் தோட்டம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

சரி, எதோடு சாப்பிடுவது? முதல் இடம் ஸ்டிஃபாதோவுக்கு. மாட்டிறைச்சி எவ்வளவோ, ஏறக்குறைய அதே எடைக்குச் சின்ன வெங்காயம். முழுதாகவே போட வேண்டும். ஆலிவ் எண்ணெய், தக்காளி, பிரிஞ்சி இலை, பட்டை, கொஞ்சம் வினிகர், ஒரு தம்ளர் ஒயின். மூடி போட்டு, சின்னத் தீயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெங்காயம் உடையாமல் குழைந்து, குழம்பு லேசாக இனிக்கும். அந்த இனிப்பையும் பட்டை வாசனையையும் நெமேயா அப்படியே பிடித்துக்கொள்ளும். மதுவைத் தொடாத வீடுகளில் வினிகரை மட்டும் வைத்தே சமைக்கலாம்; ருசி பெரிதாகக் குறையாது.

கத்தரிக்காய் முசாகா, புதினா சேர்த்த கெஃப்தேதெஸ் உருண்டைகளும் நல்ல ஜோடி. எலுமிச்சை பிழிந்த மீனோடு மட்டும் வேண்டாம். அதற்கு வெள்ளை ஒயின் இருக்கிறது.

'சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது' என்பதை வெயில் நாளில் நம்ப வேண்டாம். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் பழ வாசனை தெளிவாக எழும்.

இன்னொன்று. இன்றைய கிரேக்க மொழியில் ஒயினுக்கு 'க்ரஸி' என்று பெயர். 'கலப்பது' என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். கலக்காமல் குடிப்பவரைக் காட்டான் என்றார்கள். இப்போது யாரும் கலப்பதில்லை. ஆனாலும் தவேர்னா மேசையில் ஒயின் ஜாடிக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் இருக்கும்.