கெடுவும் கொடையும்

நுழையும்முன்

வீட்டுக் கணினி ஓய்ந்திருக்கும் நேரத்தை அறிவியல் ஆய்வுக்குக் கொடையாக அளிப்போர் உலகெங்கும் உள்ளனர். அக்கொடையைப் பெறும் ஆய்வகம் அவர்களுக்கு எத்தனை நாள் கெடு விதிக்கலாம்? காவிரிக் கரைச் சான்றுகளோடு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

கரைகண்ட கெடு

காவிரிக் கரையில் வாழ்வோர்க்குக் காலக்கெடு புதிதன்று. ஆற்றில் புதுநீர் வருமுன் வாய்க்கால்களில் தூர் எடுத்து முடிக்கவேண்டும். ஊரார் கூடிச் செய்த குடிமராமத்துப் பணிக்குக் கெடு விதித்தது வரவிருந்த நீரே. இதற்கு மாறான சான்று திருவரங்கத்தில் உண்டு. அங்குத் தெற்கு இராசகோபுரம் பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமலே நின்றது. 1979-இல் திருப்பணி மீண்டும் தொடங்கி, 1987-இல் 13 நிலைகளோடு 236 அடி உயரத்தில் நிறைவுற்றது. அடுத்த பணி காத்திருக்குமிடத்தில் கெடு தானே பிறக்கிறது. கெடுவே இல்லாத பணி தேங்கிவிடவும் கூடும். இவ்விரு உண்மைகளும் கணினி உலகுக்கும் பொருந்தும்.

பகிர்ந்து கணித்தல்

ஒரு பெருங்கணக்கைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, விரும்பி முன்வருவோரின் கணினிகளுக்கு இணையவழி அனுப்பி, விடைகளைத் திரட்டும் முறையே தன்னார்வப் பகிர்வுக் கணிமை. 1999-ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கப்பட்ட 'செட்டி அட் ஹோம்' இம்முறையை உலகறியச் செய்தது. வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிக் குறிப்புகளைத் தேடிய அத்திட்டத்தில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இணைந்தனர். 2020 மார்ச் இறுதியில் அது பணிக்கூறுகள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது.

இத்தகைய திட்டங்கள் பலவற்றில் ஒரே பணிக்கூறு இரு கணினிகளுக்கு அனுப்பப்படும். இரண்டு விடைகளும் ஒத்திருந்தால் மட்டுமே அவை ஏற்கப்படும். ஒரு கணினி குறித்த நாளுக்குள் விடை தராவிடில், அப்பணி மூன்றாவது கணினிக்குச் செல்லும். இங்குத்தான் கெடு குறித்த வினா எழுகிறது.

தெரியுமா?

'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டத்தின்வழி 2010-இல் ஒரு புதிய துடிப்பு விண்மீன் கண்டறியப்பட்டது. அதனை வெளிப்படுத்தியவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்திலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகள்.

விரைவு வேண்டுவோர் கூற்று

கெடு குறுகியதாக இருக்கவேண்டும் என்போர் கூறும் காரணங்கள் புறந்தள்ளத்தக்கன அல்ல. பணிக்கூறுகளைப் பெற்றுக்கொண்டு சொல்லாமல் விலகுவோர் பலர். அவர்களின் விடைக்காகத் திட்டத்தின் மையக் கணினி பழைய தரவுகளைச் சேமித்துவைக்க நேர்கிறது. தம் பணியை முடித்த மற்றொருவரும் விடை சரிபார்க்கப்படும்வரை காத்திருக்கிறார். மேலும், புரதங்கள் மடியும் முறையை ஆராயும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' போன்ற திட்டங்களில் ஒரு கூறின் விடையே அடுத்த கூறுக்குத் தொடக்கம். ஒருவர் தாழ்த்தினால் அந்தச் சங்கிலி முழுவதும் நின்றுவிடும். அங்குச் சில நாள் கெடுவே முறையானது.

மெதுவான கணினியின் உரிமை

எனினும், எல்லாத் திட்டங்களுக்கும் அதே அளவுகோல் பொருந்தாது. 20 மணி நேரக் கணிப்பு தேவைப்படும் ஒரு பணிக்கூறு இரு கணினிகளுக்கு வருவதாகக் கொள்ளலாம். ஒன்று, துவாக்குடியில் இரவும் பகலும் இயங்கும் கல்லூரி ஆய்வகக் கணினி. மற்றொன்று, திருவரங்கத்தில் அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ளும் மடிக்கணினி. இரண்டும் ஒரே வேகமுடையவை. ஆனால், மடிக்கணினி நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே இப்பணிக்குக் கிடைக்கிறது. ஆய்வகக் கணினி ஒரே நாளில் முடித்துவிடும். மடிக்கணினிக்குப் பத்து நாள் வேண்டும். கெடு மூன்று நாள் எனில், மடிக்கணினியின் ஆறு மணி நேர உழைப்பும் அதற்கான மின்சாரமும் பெரும்பாலும் வீணாகும். 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' அளிப்பதுபோல் 14 நாள் கெடு இருப்பின், மின்தடைக்கும் தேர்வுக்கும் நான்கு நாள் விட்டும் பணி நிறைவுறும்.

குறுகிய கெடு மெதுவான கணினிகளை மட்டுமன்றி, அவற்றை உடையோரையும் விலக்கிவிடுகிறது. ஓய்வு நேரத்தைத் தாருங்கள் என்று அழைத்துவிட்டு, முழுநேரம் இயங்குவோரை மட்டும் ஏற்பது முறையன்று.

பணியைச் சுருக்குதல்

இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு உண்டு. காலத்தைச் சுருக்குவதற்கு மாறாகப் பணியைச் சுருக்கலாம். அதே கணிப்பை நான்கு மணி நேரக் கூறுகளாகப் பிரித்தால், திருவரங்கத்து மடிக்கணினி ஒவ்வொரு கூறையும் இரண்டே நாளில் முடித்துவிடும். மூன்று நாள் கெடுவும் அதற்குப் போதுமானதாகும். பிரிக்க இயலாத கணக்குகளும் உள்ளன. பருவநிலை மாதிரிகளை இயக்கும் 'கிளைமேட் பிரிடிக்‌ஷன்' திட்டத்தின் ஒரு பணி வாரக்கணக்கில் நீளக்கூடியது. ஆதலின் அத்திட்டம் ஏறத்தாழ ஓராண்டுக் கெடு அளித்தது. இடையிடையே பகுதி விடைகளையும் பெற்றுக்கொண்டது. பணி பாதியில் நின்றாலும் அதுவரை கிடைத்தது பயன்பட்டது.

தமிழில் இதற்கு இணையான பணிகள் உள்ளன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைப் பல நாட்டுத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்னுரையாக்கி வருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கத்தை மற்றொருவர் சரிபார்க்கிறார். அங்கு ஒரு பக்கமே பணிக்கூறு. ஒருவர் விட்ட இடத்திலிருந்து வேறொருவர் தொடரலாம். எனவே, எவரையும் விரட்டவேண்டிய தேவை எழுவதில்லை.

இருபால் கடமை

ஆகவே, விடைக்காக அடுத்த பணி காத்திருந்தால் கெடு குறுகலாம். பணிக்கூறும் அதற்கேற்பச் சிறியதாக வேண்டும். காத்திருக்கவில்லையெனில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே தரக்கூடியவரும் முடிக்கும் அளவுக்குக் கெடு நீளவேண்டும். கெடு எத்தனை நாள் என்பதைப் பணியைப் பெறுமுன்பே அறிவித்தலும், சற்றுத் தாழ்ந்து வந்த விடை இன்னும் பயன்படுமாயின் அதனை ஏற்றலும் திட்டத்தாரின் கடமைகள்.

தன்னார்வலருக்கும் கடமை உண்டு. முடிக்கக்கூடிய அளவே பணியைப் பெறவேண்டும். முடிக்க இயலாது எனத் தெரிந்தால் கெடு முடியும்வரை வைத்திராமல் உடனே விட்டுக்கொடுக்கவேண்டும். அப்பணி அன்றே வேறொருவரிடம் சேரும். விருப்பத்தோடு ஏற்ற பணியும் பொறுப்புடையதே. அப்பொறுப்பைத் தன்னார்வலர் நிறைவேற்றப் போதிய காலம் தருவது, அவருடைய உழைப்பைப் பெறும் ஆய்வகத்தின் நன்றியறிதலாகும்.