எந்த டின் நல்லது?

நோயாளியைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் கையில் முன்பெல்லாம் ஆப்பிளும் ஆரஞ்சும் இருக்கும். இப்போது டின் பால் மாவும் சேர்ந்துகொண்டது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கமோ ஒரு மருந்தகத்தில் நுழைந்து பாருங்கள். என்ஷூர், நியூட்ரன், குளுசெர்னா என்று அலமாரி நிறைய இருக்கும். "அப்பாவுக்கு உடம்பு முடியல, எந்த டின் நல்லது?" என்று நேயர்கள் என்னிடமே கேட்பதுண்டு. மற்ற கேள்வி என்றால் ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்துவிடலாம். இதற்கு அது சரிவராது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அப்பாவின் எடை எவ்வளவு?

பெரும்பாலும் பதில் வராது. வயதானவர் இளைத்தால் "வயசாச்சு" என்கிறோம். இனிப்புநீர் உள்ளவர் இளைத்தால் "நல்லதுதானே" என்கிறோம். முயற்சி செய்யாமலேயே எடை இறங்கினால் அது நல்லதல்ல. மருத்துவமனைகள் பயன்படுத்தும் 'மஸ்ட்' என்ற மதிப்பீட்டின்படி, மூன்று முதல் ஆறு மாதங்களில் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கவனிக்க வேண்டும். 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆபத்து அதிகம். 60 கிலோ இருந்த அம்மாவுக்கு அது 3 கிலோவும் 6 கிலோவும். பருமனானவருக்கும் இதே கணக்குதான். தொப்பை அப்படியே இருக்க, உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும். புண் ஆறாது, கிருமித்தொற்று சீக்கிரம் பிடிக்கும், எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது.

சாப்பாட்டைக் கவனித்தால் உயிர் பிழைப்பதிலேயே வித்தியாசம் தெரியுமா? சுவிட்சர்லாந்தின் 8 மருத்துவமனைகளில், ஊட்டச்சத்து குறையும் ஆபத்தில் இருந்த 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு. இன்னொரு பிரிவுக்கு உணவியல் நிபுணர் ஆளுக்கேற்பக் கணக்கிட்ட சாப்பாடு, தேவைப்பட்டால் ஊட்டச்சத்து பானமும். 30 நாளில் முதல் பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்தார்கள். அடுத்ததில் ஏழு பேர்.

ஆகவே இந்தப் பானமும் மருந்து மாதிரிதான். அதற்கும் அளவு உண்டு. ஊட்டச்சத்து குறைந்த முதியவருக்குப் பானத்திலிருந்து மட்டும் நாளுக்குக் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும், ஒரு மாதமாவது தொடர வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டி. 30 கிராம் என்பது ஐந்து முட்டையின் புரதம். ஒரு கிண்ணம் வெறும் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம்தான் தேறும். மைலோவும் ஹார்லிக்ஸும் இந்தக் கணக்கில் சேராது.

வீட்டில் நடப்பது வேறு. டின் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று ஒரு கரண்டியைக் குறைத்துக் கலக்குகிறோம். சோற்றுக்குப் பதிலாகக் கொடுக்கிறோம். அது சோற்றோடு சேர்த்து, இரண்டு வேளைக்கு நடுவில் தர வேண்டியது. பக்கத்து வீட்டு ஐயாவுக்கு ஒத்துக்கொண்ட டின்னையே வாங்கி வருகிறோம். இனிப்புநீர் உள்ளவருக்குச் சர்க்கரை ஏறலாம். சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியமும் பாஸ்பரஸும் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்து விழுங்கும்போது புரையேறுபவருக்குத் தண்ணீர் பதத்தில் எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குப் போகலாம். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாகும்.

கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் டயட்டீஷியன் இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்று வார்டு டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எந்தப் பானம், எத்தனை கரண்டி, எத்தனை வாரம், மறுபடி எடை பார்ப்பது எப்போது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டின் வாங்க வசதி இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். கஞ்சியில் முட்டையும் நெத்திலிப் பொடியும் பருப்பும் சேர்த்துச் சத்தைக் கூட்ட அவருக்கு வழி தெரியும்.

டின் அதற்குப் பிறகு வாங்கலாம். முதலில் ஓர் எடை பார்க்கும் கருவி வாங்குங்கள்.