சோம்பேறிக் கண்: யார் வச்ச பேரு இது?

மாறுகண் உள்ள குழந்தைக்குத் திரும்பிய கண்ணில் பார்வை மங்கிப்போனால் அதற்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் 'சோம்பேறிக் கண்'. நமக்கு இந்த வார்த்தை புதுசில்லை. கோழி கூவறதுக்கு முன்னால சேத்துல இறங்கினவனைப் பார்த்து, வெயிலேறினப்புறம் குடை பிடிச்சிக்கிட்டு வரப்பு மேல வந்து நிக்கிறவன் சொல்ற வார்த்தைதான். சேரிக்காரன் சோம்பேறி, அவன் புள்ளைக்குப் படிப்பு ஏறாது, இப்ப அது கண்ணும் சோம்பேறி. இங்கிலீஷிலிருந்து வந்த பெயர்தான், மறுக்கவில்லை. இந்த மண்ணில் அது யார் காதில் எப்படி விழும் என்று மொழிபெயர்த்தவர்கள் யோசிக்கவில்லை.

அந்தக் கண் அப்படி என்ன குற்றம் செய்தது? ஒரு கண் நேராகவும் இன்னொரு கண் மூக்குப் பக்கமாகவும் பார்த்தால் மூளைக்கு இரண்டு வேறு படங்கள் போய்ச் சேர்கின்றன. பெரியவர்களுக்கு இப்படி ஆனால் எல்லாம் இரட்டையாகத் தெரியும். குழந்தையின் மூளை வளர்கிற மூளை. அது ஒரு படத்தை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி வைத்துவிடுகிறது. தள்ளி வைக்கப்பட்ட கண் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. நாள்பட நாள்பட மூளையில் அதற்குரிய இடத்தையும் மற்ற கண் பிடித்துக்கொள்கிறது. 1960களில் ஹ்யூபல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். 1981-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். தோழர்களுக்குப் பஞ்சமி நிலம் கைமாறிய கதை ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சரி, போன இடத்தைத் திருப்பி வாங்க முடியுமா? முடியும். எந்த வயதில் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உள்பக்கம் திரும்புகிற மாறுகண்ணில் முக்கியமாக இரண்டு வகை. பிறந்து ஆறு மாதத்துக்குள் வருவது ஒன்று. முதல் இரண்டு மூன்று மாதம் எல்லாக் குழந்தைக்கும் கண் கொஞ்சம் அலையும், அதற்குப் பயப்பட வேண்டாம். நாலு மாதம் தாண்டியும் நிலையாக உள்ளே திரும்பியிருந்தால் அதற்குப் பெரும்பாலும் அறுவைதான். இன்னொன்று இரண்டு மூன்று வயதில் வருவது. குழந்தைக்குத் தூரப்பார்வை கூடுதலாக இருக்கும்; தெளிவாகப் பார்க்க அது படுகிற பாட்டில் கண் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்குக் கத்தியே வேண்டாம். சொட்டு மருந்து விட்டுச் சரியாகப் பவர் பார்த்து ப்ளஸ் கண்ணாடி போட்டால் பல குழந்தைகளுக்குக் கண் நேராக நின்றுவிடும். கழற்றினால் திரும்பவும் உள்ளே போகும். 'கண்ணாடி போட்டும் சரியாவல' என்று அதைத் தூக்கிப் போடுகிற வீடுகள் உண்டு. அது வேலை செய்கிற விதமே அப்படித்தான் என்று யாராவது நின்று சொல்லியிருக்க வேண்டும். ஓ.பி.யில் வரிசை நகர வேண்டுமே, யார் நின்று சொல்வது?

இங்கேதான் 'நல்ல பலன்' என்றால் என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது. அறுவை முடிந்து கண் நேராகிவிட்டால் ஆஸ்பத்திரிக் கணக்கில் அது வெற்றி. ஆனால் நேராக நிற்கிற கண் பார்க்காமலும் இருக்கலாம். ஐரோப்பாவில் 11 நாடுகளில் 58 மருத்துவமனைகள் சேர்ந்து, சீக்கிரம் அறுவை செய்த குழந்தைகளையும் தாமதமாகச் செய்தவர்களையும் ஒப்பிட்டன. முடிவு 2005-ல் வெளிவந்தது. இரண்டு வயதுக்குள் செய்யத் திட்டமிட்ட குழந்தைகளில், ஆறு வயதில் இரண்டு கண்ணையும் சேர்த்து ஓரளவாவது ஆழம் உணர முடிந்தவர்கள் நூற்றுக்கு 13.5 பேர். தாமதப் பிரிவில் 3.9 பேர். இரண்டுமே சின்ன எண்தான். பணமும் படிப்பும் உள்ள நாடுகளிலேயே நிலைமை இது. ஒரு அறுவையோடு முடியாமல் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய நாலில் ஒருவர். ஆகவே 'ஒரு ஆப்பரேசன், எல்லாம் சரி' என்று முகாம் மேடையில் பேசுகிறவரை நம்ப வேண்டாம். மங்கிய பார்வையை மீட்க நல்ல கண்ணை மறைத்துக் கட்டுகிற வேலை தனியாக இருக்கிறது. அதை ஆஸ்பத்திரி செய்யாது. வீடுதான் செய்ய வேண்டும், மாதக்கணக்கில்.

எந்த வீடு?

திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகிற இருளர் குடும்பங்கள், முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டுகிற சேரிக் குடும்பங்கள். அம்மா கல் அறுக்கிறாள், குழந்தை மண் மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணில் ஒட்டிய பிளாஸ்திரி வேர்வையில் பிய்ந்துபோகிறது. மறுமுறை காட்ட வரச்சொன்ன தேதியில் சூளையை விட்டுக் கிளம்ப முதலாளி விட வேண்டும். விடவில்லை என்றால் ஆஸ்பத்திரி நோட்டில் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று ஏறும். திரும்பி வந்தவர்களை வைத்துத்தான் பலன் கணக்குப் போடுகிறார்கள். வராதவர்கள் கணக்கிலேயே இல்லை. இருந்தாலும் 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்ற ஒரு வரியோடு சரி. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கியது 1976-ல். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான். இரண்டும் ஒரு குழந்தையின் உடம்பில் சந்திக்கின்றன என்று எந்த அதிகாரிக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

நம்ம பக்கமும் பேச வேண்டியது இருக்கிறது. 'மாறுகண் அதிர்ஷ்டம்', 'பெரிசானா தானா சரியாப் போயிடும்' - இதைச் சொல்லிச் சொல்லியே நாலு வருசம் போய்விடுகிறது. அந்த அதிர்ஷ்டத்தை ஊர்த்தெரு பணக்காரன் ஏன் தன் புள்ளைக்கு வேண்டாம் என்று காரில் ஏற்றி மெட்ராசுக்குக் கொண்டு போகிறான் என்று கிழவிகளிடம் கேட்டுப் பாருங்கள். பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ள நான் தயாராக இல்லை. 2008 ஜூலையில் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் இலவச முகாம் போட்டு, பெரம்பலூருக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கண்புரை அறுவை செய்ததில் 66 பேர் பார்வையிழந்தார்கள். சனங்க மறப்பாங்களா? அதனால் விளக்கித்தான் சொல்ல வேண்டும்: மாறுகண் அறுவையில் கண்ணைத் தோண்டி வெளியே வைப்பதில்லை, கண்ணுக்கு உள்ளேயும் போவதில்லை. வெளியே ஒட்டியிருக்கிற தசையை இடம் மாற்றித் தைக்கிறார்கள். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் அதற்கான வசதியுள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் காட்டிவிட்டு அங்கிருந்து புதுச்சேரிக்கோ எழும்பூருக்கோ போகலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, நம் வரிப்பணத்தில் நடப்பது.

கொலையும் எரிப்பும் நடக்கிற ஊரில் மாறுகண்ணைப் பற்றி எழுதுகிறானே என்று சில தோழர்கள் சிரிக்கலாம். 1978-ல் விழுப்புரத்தில் 12 பேர் கொல்லப்பட்ட கணக்கு நம்மிடம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பார்வை போன கண்களின் கணக்கு மட்டும் ஏன் இல்லை? கரும்புத் தோகை கண்ணில் அறுத்துப் புண்ணாவது நமக்குத் தெரியாததா? ஒரு கண் ஏற்கனவே மங்கியவனுக்கு நல்ல கண்ணில் தோகை பட்டால் அப்புறம் என்ன மிச்சம்? மத்தியப் படைகளுக்கு ஆள் எடுக்கிற விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள், தட்டைப் பாதத்தோடு மாறுகண்ணும் தகுதியின்மைப் பட்டியலில் நிற்கிறது. பத்தாவது முடித்த சேரிப் பையன் முட்டி மோதுகிற கதவுகளில் அதுவும் ஒன்று.

2013-ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு வருசத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். எப்போது வந்தார்கள், கண்ணைப் பார்த்தார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சூளையில் இருக்கிற குழந்தை எந்த அங்கன்வாடிப் பதிவேட்டிலும் இருக்காது, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். கண் கட்டுவதைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி. நாள் முழுக்கக் கட்டினால்தான் ஆகும் என்பது பழைய பாடம். பார்வை மிதமாக மங்கிய குழந்தைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் கட்டினாலே ஆறு மணி நேரம் கட்டிய அளவு பலன் கிடைத்தது என்று 2003-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஓரளவு மங்கியவர்களுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் மருந்து விடுவதும் ஏறக்குறைய அதே பலன் தரும் என்று 2002-லேயே தெரிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் என்றால் அங்கன்வாடியிலேயே கட்டிவிடலாமே! சத்துமாவு கொடுக்கிற கை பிளாஸ்திரி ஒட்டாதா? ஏழு வயது தாண்டிவிட்டால் கைவிட வேண்டும் என்பதும் பொய். 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளில் கண்ணாடியோடு கண் கட்டலும் சேர்ந்தபோது பாதிக்கு மேல் முன்னேற்றம் கண்டார்கள் என்று 2005-ல் நிரூபித்திருக்கிறார்கள்.

தை பிறந்தால் சூளைச் சனங்கள் கிளம்பிவிடும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனியிலும் இருளர் குடியிருப்பிலும் ஒரு டார்ச்சோடு நடக்க மாணவர்களால் முடியும். கையெட்டும் தூரத்தில் வெளிச்சத்தைப் பிடித்துக் குழந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சப் புள்ளி இரண்டு கருவிழியிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒன்றில் நடுவிலும் மற்றதில் வெளி ஓரத்திலும் விழுந்தால் கண் உள்ளே திரும்பியிருக்கிறது. டார்ச் டாக்டர் ஆகாது, சின்ன மாறுகண்ணும் பவர் குறையும் இதில் தப்பிவிடும். சந்தேகம் வந்தாலே அனுப்புங்கள். பாப்பா வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஏனென்றால் கண் புற்றுநோய் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும், சில குழந்தைகளில் மாறுகண்ணாகவே முதலில் தெரியும். ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், வயது, எந்தக் கண், எந்தத் தேதியில் எந்த ஆஸ்பத்திரி. கடைசிக் கட்டத்தை ஆறு மாதம் கழித்து நிரப்ப வேண்டும் - நல்ல கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் 'சோம்பேறி'க் கண்ணால் சுவர் அட்டையில் எத்தனையாவது வரி வரைக்கும் சொல்கிறது.