மார்க் குறைந்தால் சந்தோஷப்பட வேண்டிய பரீட்சை

அமெரிக்காவில், நியூஜெர்ஸியில் குடித்தனம் நடத்தும் ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரிலிருந்து மாமியார் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறாராம். வயது அறுபத்தெட்டு. "கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். ஆனால் நான் சொல்வது ஒன்று, அவர் எடுத்துக்கொள்வது வேறொன்று. 'அத்தை, பால் வேணுமா?' என்று கேட்டால், 'கால் இப்ப தேவலை' என்கிறார். என் கணவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை" என்கிறார் அவர்.

கணவரிடம் ஆப்பிள் கம்பெனியின் 'ஏர்பாட்ஸ் ப்ரோ' இருக்கிறது. காதில் செருகிக்கொள்ளும் ஒயரில்லாத இயர்பட்ஸ்தான். அதில் காது எவ்வளவு கேட்கிறது என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் வசதி உண்டு. அத்தைக்கு மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். முதல் நாள் 'சத்தம் அதிகம்' என்று நின்றுவிட்டது. மறுநாள் 'காதில் சரியாகப் பொருந்தவில்லை' என்றது. மூன்றாம் நாள் ஒரு வழியாக முடிந்து, வலது காது நன்றாக இருக்கிறது, இடது காதில் நடுத்தரக் குறைவு என்று காட்டியதாம். அன்றிலிருந்து மாமியார், "எனக்கு ஒரு காது போச்சு" என்று மூலையில் உட்கார்ந்துவிட்டார். ஊர் திரும்ப இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது.

"இந்த முடிவை நம்பலாமா? காது மெஷினுக்குப் பதில் இதையே வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா? எங்கள் நாலு வயதுப் பெண்ணுக்கும் இதிலேயே பார்த்துவிடலாமா?" இவை அந்தச் சகோதரியின் மூன்று கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. காரணம் பின்னால் வருகிறது. மற்ற இரண்டையும் ஆற அமரப் பார்க்கலாம். ஒன்று மட்டும் இன்றைக்கே அத்தையிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு தடவை பாதியில் நின்று, மூன்றாம் தடவை தட்டுத் தடுமாறி முடிந்த ஒரு சோதனையை வைத்து, காது போச்சு என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இது என்ன சோதனை?

2024 அக்டோபரில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 18.1 வந்தபோது, ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறையில் இந்த வசதியும் வந்தது. காது டாக்டரின் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுப்பார்களே, கிட்டத்தட்ட அதே முறைதான். மெல்லிய 'பீப்' ஒலி விட்டு விட்டு வரும். கேட்டால் போன் திரையைத் தட்ட வேண்டும். ஒரு காது முடிந்து மறு காது. மொத்தம் ஐந்து நிமிஷம் ஆகும்.

நம் காதுக்கு எட்டுகிற மிகச் சின்ன ஒலி எது என்று தேடுவதுதான் இதன் வேலை. அதனால் ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், கேட்காத அளவுக்கும் கொண்டு போகும். நடுவில் ஒன்றுமே கேட்காத நேரம் எல்லோருக்கும் வரும். இது தெரியாத பெரியவர்கள், 'ஐயோ, ஒண்ணுமே கேக்கலையே' என்று பயந்து, கேட்காதபோதும் தட்டி வைப்பார்கள். அத்தைக்கு இதை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். "எல்லாம் கேக்கணும்னு இல்லை அத்தை. லேசாக் கேட்டாலும் தட்டுங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க" என்றால் போதும்.

நடுவில் நிற்பது ஏன்?

சோதனை நின்றால் காது பழுது என்று அர்த்தமில்லை. கீழே சொல்வதை வரிசையாகப் பாருங்கள்.

*ஆரம்பிக்கவே இல்லையா?* போனில் ஐஓஎஸ் 18.1 அல்லது அதற்குப் பின் வந்தது இருக்க வேண்டும். இயர்பட்ஸுக்குள் இருக்கும் மென்பொருளும் புதியதாக இருக்க வேண்டும். அதை நாமாக ஏற்ற முடியாது. பெட்டிக்குள் வைத்து சார்ஜில் போட்டு, வைஃபையில் இருக்கும் போனுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி விட்டுவிட்டால் தானாக ஏற்றிக்கொள்ளும். பிறகு இரண்டு பட்ஸையும் மாட்டிக்கொண்டு, போன் செட்டிங்ஸில் ஏர்பாட்ஸ் பெயரைத் தொட்டால் சோதனைக்கு உரிய வரி தெரியும். எல்லா நாட்டிலும் இந்த வசதி திறந்துவிடப்படவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

*'சத்தம் அதிகம்' என்கிறதா?* நமக்குப் பழகிப்போன சத்தம் காதில் விழாது. கருவிக்கு விழும். ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவும் மெஷின், துணி உலர்த்தும் மெஷின், ஹீட்டர் காற்று வரும் துவாரம், எல்லாமே கணக்கு. அமெரிக்க வீடுகளில் துணிமணி தொங்கவிடும் சின்ன அறை இருக்குமே, அதுதான் சரியான இடம். தொங்குகிற துணிகள் சத்தத்தைக் குடித்துவிடும். ஒரு நாற்காலியைப் போட்டு அத்தையை உட்கார வையுங்கள். குழந்தை தூங்கும் நேரமாகப் பாருங்கள். தட்டுகிற கையில் வளையல் வேண்டாம். வாயில் வெற்றிலையோ பாக்கோ வேண்டாம். மெல்லுகிற சத்தம் தலைக்குள்ளேயே கேட்கும்.

*'பொருந்தவில்லை' என்கிறதா?* பெரும்பாலும் கோளாறு இங்கேதான். பட்ஸின் முனையில் மெத்தென்ற சிலிக்கான் மூடி இருக்கிறது. அது காதுத் துவாரத்தை இடுக்கு இல்லாமல் அடைக்க வேண்டும். இடுக்கு இருந்தால் உள்ளே வருகிற ஒலி வெளியே கசிந்துவிடும். காது நன்றாக இருந்தாலும் குறைவு என்றுதான் காட்டும். பெட்டியிலேயே பல அளவு மூடி கொடுத்திருப்பார்கள். இப்போது மாட்டியிருப்பது உங்கள் கணவர் காதுக்கான அளவு! அத்தைக்கு வேறு அளவு வேண்டியிருக்கும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மாட்டல், பெரிய தோடு, காதை மூடிய தலைமுடி, குளிருக்குச் சுற்றிய ஸ்கார்ஃப் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு மாட்டுங்கள்.

*ஒரு பக்கம் மட்டும் மந்தமா?* பட்ஸின் வலைக் கண்ணில் காதுக் குறும்பி அடைத்திருக்கலாம். சிலிக்கான் மூடியைக் கழற்றி வெறும் தண்ணீரில் அலசி, ஈரம் போக உலர்த்தி மாட்டுங்கள். வலைக் கண்ணை மிருதுவான பிரஷ்ஷால் துடையுங்கள். ஊக்கு, ஊசி கிட்டேயே போகக் கூடாது.

*சோதனைக்கு ஏற்ற நாள்தானா?* ஜலதோஷம், சைனஸ், அலர்ஜி, காது வலி இருக்கும்போது வேண்டாம். முதல் நாள் கல்யாண மண்டபத்திலோ கச்சேரியிலோ பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். காதுக்கும் களைப்பு உண்டு.

இன்னும் இரண்டு விஷயம். பக்கத்தில் நின்றுகொண்டு, "இப்ப வந்துதா அத்தை? தட்டுங்க, தட்டுங்க" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அது பாஸ் போட்டுக் கொடுக்கிற வேலை. அடுத்தது, முடிவு அந்தப் போனின் 'ஹெல்த்' செயலியில் போன் சொந்தக்காரர் பெயரில் பதிவாகிவிடும். அத்தையின் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் கணவருக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தால் அவர் காது என்ன ஆவது? அத்தையின் முடிவைத் திரையிலிருந்து படம் பிடித்துத் தனியாக வைத்துக்கொண்டு, அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்.

மார்க்கைப் படிக்கும் விதம்

பள்ளிக்கூடப் பரீட்சைக்கு இது நேர் எதிர். எண் குறையக் குறைய காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையின் கணக்குப்படி 25 டெசிபல் வரை குறைவு இல்லை அல்லது மிகச் சொற்பம். 26 முதல் 40 வரை லேசான குறைவு. 41 முதல் 60 வரை நடுத்தரம். 61 முதல் 80 வரை கடுமை. 80-க்கு மேல் மிகக் கடுமை.

மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. கோட்டின் வலது ஓரத்தையும் பாருங்கள். அது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளின் பக்கம். வயதானால் பெரும்பாலும் முதலில் குறைவது அங்கேதான். 'ஆ', 'ஓ' போன்ற உயிரெழுத்து கணீரென்று கேட்கும். க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகள் நழுவிவிடும். 'பால்' என்பது 'கால்' ஆவது இப்படித்தான். அத்தைக்குச் சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. இதைக் கவனக் குறைவு என்றோ பிடிவாதம் என்றோ நினைத்து வருத்தப்பட்ட மருமகள்கள் எத்தனை பேர்!

மேலே சொன்னபடி எல்லாம் சரிசெய்துவிட்டு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை பாருங்கள். மூன்று முடிவும் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் நம்பலாம். இடது காது சரியாகிவிட்டால், கோளாறு மூடியில் இருந்தது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே நின்றால், அலட்சியம் கூடாது. காது டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

ஏனென்றால், எவ்வளவு கேட்கிறது என்றுதான் இந்தக் கருவி சொல்லும். ஏன் கேட்கவில்லை என்று சொல்லாது. டாக்டர் விளக்கு வைத்துக் காதுக்குள் பார்ப்பார். குறும்பி கெட்டியாக அடைத்திருந்தால் எடுத்துவிடுவார். சில பேருக்கு அதோடு தீர்ந்தது! காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு வைத்தும் சோதிப்பார்கள். கோளாறு வெளிப்பாதையிலா, உள் நரம்பிலா என்று அதில் தெரியும். அதுவரை நீங்களாக எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, ஹேர்பின்னால் குடைவது எதுவும் வேண்டாம்.

ஏழு வாரம் காத்திருக்கலாமா?

வரவரக் குறைந்த காது என்றால் காத்திருக்கலாம். ஊரில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில் திடீரென்று ஒரு காது அடைத்துவிட்டால் ஒரு வாரம்கூடக் கடத்தாதீர்கள், அன்றே டாக்டரிடம் போங்கள். அதற்கான மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். காதிலிருந்து சீழ், ரத்தம், கடுமையான வலி, தலைசுற்றல், ஒரு காதில் மட்டும் ஓயாத இரைச்சல் இருந்தாலும் செலவைப் பார்க்காமல் அங்கேயே காட்டிவிடுங்கள்.

இனி, இதையே காது மெஷினாக வாங்கலாமா? ஏர்பாட்ஸ் ப்ரோவைக் காது கேட்கும் கருவி போல உபயோகிக்க 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. அது 18 வயது நிறைந்தவர்களுக்கு, அதுவும் லேசான, நடுத்தரக் குறைவுக்கு மட்டும்தான். இரண்டாம் தலைமுறை ஏர்பாட்ஸ் ப்ரோ ஒரு தடவை சார்ஜ் செய்தால் சுமார் 6 மணி நேரம்தான் வரும். காலை முதல் இரவு வரை போட்டிருக்க முடியாது. ஒழுங்குபடுத்த ஐபோன் வேண்டும். ஊரில் அத்தைக்கு யார் செய்து கொடுப்பார்கள் என்று யோசித்து வாங்குங்கள். வாங்குமுன் உங்கள் வீட்டு இயர்பட்ஸையே நாலு நாள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பேத்தி பேசுவது தெளிவாகப் புரிகிறது என்று அவர் வாயால் சொல்லட்டும்.

குழந்தைக்கு ஏன் கூடாது?

இந்தச் சோதனையே பெரியவர்களுக்கு அளவெடுத்துச் செய்தது. குழந்தைக்கு மூடியும் பொருந்தாது, ஐந்து நிமிஷம் கவனமும் நிற்காது. 'நன்றாக இருக்கிறது' என்று தப்பாக வந்தால், நீங்கள் சும்மா இருந்துவிடுவீர்கள். அதுதான் ஆபத்து. நாலு வயதில் ஜலதோஷத்துக்குப் பிறகு நடுக் காதில் நீர் கோத்துக்கொண்டு மந்தமாகக் கேட்பது சாதாரணம். கூப்பிட்டால் திரும்பவில்லை, டி.வி.யைச் சத்தமாக வைக்கிறாள், பேச்சில் மழலை தெளியவில்லை என்றால் குழந்தை டாக்டரிடம் சொல்லுங்கள். ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைக் கூடையில் போடு என்று விளையாட்டாகவே சோதித்துவிடுவார்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்த 1 மாதத்துக்குள் காதைச் சோதித்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதி செய்து, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். பேச்சு வளர்வது காதை நம்பித்தான்.

சகோதரி, சோதனை முடிவு எப்படி வந்தாலும் இன்றைக்கே செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. சமையலறையிலிருந்து கூவாதீர்கள். பக்கத்தில் போய், முகம் பார்த்து, டி.வி.யைக் குறைத்துவிட்டு, நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வார்த்தையைக் கத்தாமல், வேறு வார்த்தையில் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்காதவர்கள் மெள்ள மெள்ளப் பேச்சையே விட்டுவிடுவார்கள். 2024-ல் 'லான்ஸெட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, முதுமை மறதி நோய்க்கு வழிசெய்யும், நாம் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களில் காது மந்தத்தையும் சேர்த்திருக்கிறது. உங்கள் கணவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். அடுத்த தடவை 'கால்' என்று பதில் வந்தால் அவர் சிரிக்க வேண்டாம். எழுந்து போய் அம்மாவுக்கு ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து கொடுக்கட்டும்.