"நன்றி: இணையம்" என்பது யாருடைய பெயர்?



"நல்ல செய்திதானே, எங்கிருந்து எடுத்தால் என்ன, நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்தால் சரி" என்னும் வாதம் நம் சமுதாயத்தின் இணையதளங்களில் வேரூன்றிவிட்டது. மார்க்கக் கட்டுரை ஒன்று காலையில் ஒரு தளத்தில் வெளிவந்தால், மாலைக்குள் அதே சொற்களோடு பல தளங்களில் ஏறிவிடுகிறது. எழுதியவர் பெயர் இராது. எடுத்த இடமும் இராது. "நன்றி: இணையம்" என்று ஒரு வரி இருந்தால் அதுவே பெரிய நாணயமாகக் கருதப்படுகிறது.

கோவளம் தர்காவைப் பற்றி நாம் எழுதிய கட்டுரைக்கு இதுவே நேர்ந்தது. அங்கு அடங்கியிருப்பவர் நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) என்று ஊரார் நம்புகின்றனர். "நம்புகின்றனர்" என்ற சொல்லை நாம் யோசித்தே இட்டிருந்தோம். நம்மைவிடப் பல மடங்கு வாசகர்களைக் கொண்ட ஒரு தளம் கட்டுரையை அப்படியே எடுத்துப் போட்டது. சுருக்கும்போது அந்த ஒரு சொல் உதிர்ந்தது. நம்பிக்கை, வரலாறாக நிமிர்ந்து நின்றது. இன்று தேடுபொறியில் தேடினால் முதலில் வருவது அந்த நகலே. நம் கட்டுரையைக் காண அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டும். தர்காவைப் போற்றுவோரும் மறுப்போரும் சண்டையிட்டுக்கொள்வது இப்போது அந்த உதிர்ந்த சொல்லின் மீதுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. ஒரே உரை பல முகவரிகளில் இருந்தால், கூகுள் அவற்றை ஒரு தொகுதியாகச் சேர்த்து, அதில் ஒன்றை மட்டும் முதன்மையாகக் கொண்டு காட்டுகிறது. நகல் என்பதற்காக மட்டும் தண்டனை கிடையாது என்று அந்நிறுவனம் 2008-லேயே விளக்கிவிட்டது. ஆனால் முதன்மையாகத் தேர்வது எழுதியவரின் பக்கத்தைத்தான் என்று எந்த உறுதியும் இல்லை. செல்வாக்குள்ள தளம் சிறிய தளத்தை மறைத்துவிடுவது உண்டு. மூலம் எது என்று தேடுபொறிக்குச் சுட்டிக்காட்டும் "கேனானிக்கல்" குறியை 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிமுகம் செய்தன. ஆனால் அதை இடவேண்டியவர் நகலெடுத்தவர். பெயரையே வெட்டியவர் குறியை மட்டும் இடுவாரா?

கட்டுரையோடு போயிற்று என்று விட்டுவிடலாம். ரமளான் கால அட்டவணையை என்ன செய்வது? சென்னைக்குக் கணித்த அட்டவணையை எவரோ எடுத்து, ஊர்ப்பெயரை மட்டும் வெட்டி, "தமிழ்நாடு நோன்பு நேரங்கள்" என்று தலைப்பிட்டு வெளியிடுகிறார். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுக்கின்றனர். தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். செங்கல்பட்டு சென்னைக்குச் சற்று மேற்கே இருப்பதால் அங்கு சூரியன் மறைவது ஏறத்தாழ ஒரு நிமிடம் பிந்தி. மாமல்லபுரத்தில் அந்த வேறுபாடு இன்னும் குறைவு. பேணுதலுக்காகச் சற்றுப் பொறுத்துத் திறப்பவருக்கு இது பொருட்டன்று. ஆனால் கோயம்புத்தூர் மூன்று பாகைக்கும் மேல் மேற்கே இருக்கிறது. சென்னை நேரத்தை நம்பி அங்கு நோன்பு திறப்பவர் சூரியன் மறைய ஏறக்குறைய கால் மணி நேரம் இருக்கும்போதே பேரீச்சம்பழத்தை வாயிலிட்டுவிடுகிறார். இவருடைய நோன்புக்கு யார் பொறுப்பு? "ஃபார்வர்டு செய்தேன், அவ்வளவுதான்" என்பது பதிலாகாது. போன ஆண்டின் அட்டவணையில் தலைப்பை மட்டும் மாற்றுவோரும் இருக்கிறார்கள். ரமளான் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்வதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அறிவு அல்லாஹ்வுடையது, அதற்கு உரிமை கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் நம் முன்னோரின் வழக்கத்தைச் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். திரும்பத் திரும்பச் சொல்வது குற்றமென்றால் முதலில் இமாம் புகாரீ (ரஹ்) அவர்களைத்தான் குறைகூற வேண்டும். இப்னு ஹஜர் (ரஹ்) எண்ணியபடி ஸஹீஹுல் புகாரீயில் 7,397 ஹதீஸ்கள். மீள வருவனவற்றை நீக்கினால் 2,602. ஒரே செய்தி பல பாடங்களில் வருகிறது. ஆனால் யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலியை அவர் விட்டுவிடவில்லை. அந்தச் சங்கிலி இருப்பதால்தான் பின்வந்தோரால் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க முடிந்தது. இமாம் குர்துபீ (ரஹ்) தம் தஃப்ஸீரின் முன்னுரையில், சொன்னவரோடு சொல்லைச் சேர்த்துக் குறிப்பதைத் தமக்கு நிபந்தனையாகவே விதித்துக்கொண்டார். சுயூத்தீ (ரஹ்) இன்னும் கடுமை. தம் நூலிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தவரைக் கண்டித்து, நூலாசிரியனுக்கும் திருடனுக்கும் உள்ள வேறுபாடு என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே எழுதினார். அவர் காலமானது 1505-இல். அப்போது கூகுளும் இல்லை, பதிப்புரிமைச் சட்டமும் இல்லை. நம் காலத்துக்கு வந்தால், இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி, எழுத்துரிமை ஷரீஅத் காக்கும் உரிமை என்றும் அதை மீறுவது கூடாது என்றும் தீர்மானித்தது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும் படைப்பைத் தமதெனச் சொல்லும் உரிமையை ஆசிரியருக்கு அளிக்கிறது.

மறுபிரசுரமே கூடாது என்பதல்ல நம் கட்சி. பி.டி.ஐ. செய்தி பல நாளிதழ்களில் ஒரே வாசகத்தோடு வருகிறது. அனுமதியும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது, எவரும் திருட்டென்று சொல்வதில்லை. ஒரு கட்டுரை பத்துத் தளங்களில் வரட்டும், வரவேண்டும். முதலில் கேளுங்கள். எழுதியவர் பெயரையும் மூலத்தின் சுட்டியையும் கட்டுரையின் தலையிலேயே இடுங்கள், அடியில் புதைக்காதீர்கள். உங்கள் பக்கம் தேடலில் முந்திக்கொள்ளாதபடி "நோஇண்டெக்ஸ்" குறி இடுங்கள். கட்டுரையைப் பகிர்ந்துகொள்ளும் தளங்களுக்குக் கூகுளே இப்போது தரும் அறிவுரை அதுதான். வாசகத்தைத் தொட்டால் தொட்டதைச் சொல்லுங்கள். மூலத்தில் திருத்தம் வந்தால் நீங்களும் திருத்துங்கள். அட்டவணையானால் எந்த ஊருக்கு, எந்த ஆண்டுக்கு என்பதை வெட்டாதீர்கள்.

இவற்றுக்கு ஒப்புக்கொள்பவர்களுக்கு நம் கட்டுரைகள் அனைத்தும் இலவசம். கோவளம் கட்டுரையை எடுத்த தளத்துக்கு மூன்று மடல்கள் எழுதியிருக்கிறோம். நம் பெயரைச் சேர்க்காவிட்டாலும் "நம்புகின்றனர்" என்ற சொல்லையாவது திருப்பி வைக்கும்படி கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.