மூட்டு நோயும் எமது பாராமுகமும்

வாதம் என்பது முதியோர்க்கே உரிய நோயென நம்மவர் கருதிவருகின்றனர். பள்ளி மாணவனொருவன் காலையிற் கைவிரலை மடக்க இயலவில்லை என்பானாயின், அதனைச் சோம்பல் என்போம்; சற்றே இரங்குவோர் நல்லெண்ணெய் பூசி வெந்நீரில் முழுகச் சொல்வர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பிலிருந்த மாணவனொருவன் முதற் பாடத்திற் கோணல்மாணலாக எழுதுவான். நண்பகலுக்குப் பின் அவன் கையெழுத்து முத்துப்போலிருக்கும். காலையில் எழுதிய கட்டுரைகளைத் திரும்ப எழுதுமாறு பன்முறை பணித்தோம். ஒரே கையின் எழுத்து நேரத்துக்கு நேரம் மாறுவதேன் என்ற ஐயம் தமிழாசிரியராகிய எமக்கன்றோ முதலில் எழுந்திருத்தல் வேண்டும்? எழவில்லை. இளம்பருவ மூட்டுவாதம் என வைத்தியர் கண்ட பின்னரே, அவ்விரல்கள் இளகுதற்கு நாடோறும் ஒரு மணி நேரத்துக்கு மேற் சென்றமையை அறிந்தோம்.

இது முதுமையாலாய தேய்வன்று. கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடற்காவல், தன்னுடலையே பகையென மயங்கித் தாக்குவதால் வருவது. 16 வயதுக்கு முன் தொடங்கி, வேறு காரணம் காணப்படாது, 6 வாரமேனும் நீடிக்கும் மூட்டழற்சியே இளம்பருவ மூட்டுவாதம் எனப்படும். அது மூட்டோடு நிற்பதுமில்லை. சிறார் சிலருக்குக் கண்ணினுள்ளே அழற்சி உண்டாகின்றது. கண் சிவவாது, நோவாது. பார்வை குன்றிய பின்னரே பலர் உணர்வர். ஆதலின், குறையொன்றும் தோன்றாதபோதும் கண் வைத்தியரிடம் முறைப்படி காட்டுதல் இன்றியமையாதது. வளர்ந்தோர்க்கு வரும் முடக்குவாதம் இதயநோய் அபாயத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றது. லூப்பசு என்னும் நோயோ சிறுநீரகத்தையும் பற்றும். அதற்காளாவோருட் பத்தில் ஒன்பதின்மர் பெண்கள்.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாயோ வைத்தியசாலையிற் பிலிப் ஹென்ச் என்பார் நடக்கமாட்டாதிருந்த பெண்ணொருத்திக்குக் கோட்டிசோன் மருந்தை ஊசிமூலம் ஏற்ற, சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950இல் அவருக்கும் வேறிருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனினும், அம்மருந்து நோயை வேரறுப்பதன்று. நெடுநாள் உண்டால் எலும்பு நலியும், நீரிழிவு தோன்றும், தொற்றுநோய் எளிதிற் பற்றும். பயந்து திடீரென நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. வைத்தியர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். பெயரெழுதாத குளிகைகளை "ஒரே நாளில் நோ தீரும்" என்று விற்போரிடம் நம்மவர் பணம் கொடுப்பதை நினைக்குந்தோறும் எமக்கு அச்சமே மிகுகின்றது.

பெண்பிள்ளைகளின் நோயை மறைக்கும் வழக்கம் இதனினுங் கொடிது. கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமென்று பெற்றோர் கிளினிக்குக்கு அனுப்பாதிருக்கின்றனர். 1950களில் லூப்பசு நோயாளருள் ஐந்தாண்டு வாழ்ந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேரே. இன்று உரிய சிகிச்சை பெறுவோருட் பத்தில் ஒன்பதின்மருக்கு மேல் வாழ்கின்றனர். அவ்வேறுபாட்டைச் செய்தது காலத்தோடு பெற்ற சிகிச்சை. அதனை அரசாங்க வைத்தியசாலைகள் கட்டணமின்றி அளிக்கும்போது நாம் ஒளித்துவைத்தல் எவ்வகையில் நியாயம்?

பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். அவர்கள் ஆண்டுக்கொருமுறை கல்லூரிக்கு வந்து ஆசிரியர்க்கு இந்நோய்க் குறிகளை எடுத்துரைப்பாராயின், அஃது எந்தக் கட்டட நிதிக்கும் குறைந்த கொடையன்று. யாம் எம்மளவிற் செய்யக்கூடியது சிறிது: கட்டுரைப் பாடத்தைப் பிற்பகலுக்கு மாற்றியுள்ளோம்.